அந்தப் பெட்டியை எடுத்துவிடு, பாப்பா

கொருக்குப்பேட்டை
25.8.2024

பாப்பாவுக்கு அம்மா எழுதுவது.

வெள்ளிக்கிழமை ராத்திரி நீ போன் செய்தபோது என்னால் சரியாகப் பேச முடியவில்லை. தையலுக்கு அளவு கொடுக்க வந்தவர்கள் பக்கத்தில் நின்றிருந்தார்கள். போனை வைத்த பிறகுதான் நீ சொன்னதெல்லாம் மனசில் ஓட ஆரம்பித்தது. ஆபீசில், கேரளாவில் மலை சரிந்த வயநாட்டுக்காக ஒரு பெரிய பெட்டி வைத்திருக்கிறீர்கள், பழைய துணியும் போர்வையும் வந்து நிறைகிறது, பணம் கேட்கத்தான் கூச்சமாக இருக்கிறது, ஒரு மாதம் ஆகப்போகிறது, இனிமேல் கேட்டால் யார் தருவார்கள் என்றாய். புனேயில் உட்கார்ந்துகொண்டு நீ இந்த வேலையை இழுத்துப் போட்டுக்கொண்டதில் எனக்கும் அப்பாவுக்கும் எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? ஆனால் அந்தப் பெட்டியை மட்டும் நாளைக்கே எடுத்துவிடு.

ஏன் சொல்கிறேன் என்றால், 2015 டிசம்பரை நீ மறந்திருக்க மாட்டாய். ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்தாய். கேப்டன் காட்டன் கால்வாய் பொங்கி, விடிவதற்குள் வீட்டில் இடுப்பளவு தண்ணீர். பள்ளிக்கூட மாடியில் நான்கு நாள் கிடந்தோம். மூன்றாம் நாள் காலையில் நீ என் காதருகே வந்து சொன்னாயே, அப்போது எனக்குக் கை கால் ஓடவில்லை. கீழே லாரியில் வந்த மூட்டைகளை ஓடிப்போய்ப் பிரித்தேன். ஜரிகை கிழிந்த பட்டுப்புடவை, கொக்கி இல்லாத ஜாக்கெட், துப்பட்டா இல்லாத சுடிதார், யாரோ ஒருவரின் கோட்டு. ஒரு புது உள்ளாடை இல்லை, ஒரு நாப்கின் பாக்கெட் இல்லை. கடைசியில் எதிர்வீட்டுப் பாட்டிதான் தான் கட்டியிருந்த நூல் புடவையின் தலைப்பைக் கிழித்துக் கொடுத்தார். மாடி முழுக்க ஆட்கள் இருந்ததால் நீ அன்று சத்தம் இல்லாமல் அழுதாய். இதை எழுதுவதற்குக் கோபித்துக்கொள்ளாதே.

அந்த மூட்டைகளைக் கொடுத்தவர்கள் நல்ல மனசோடுதான் கொடுத்தார்கள். என்ன வேண்டும் என்று எங்களை ஒருவரும் கேட்கவில்லை, அவ்வளவுதான். அது புரிந்திருந்தும் 2018-ல் கேரளா மூழ்கியபோது நானே நான்கு பழைய புடவைகளை மூட்டையில் போட்டேன். அவசரத்தில் கைக்கு எது வருகிறதோ அதைக் கொடுத்துவிடுகிறோம். அந்த நான்கு புடவையும் இன்னும் எனக்கு உறுத்துகிறது. இந்த முறையும் பழைய துணி அனுப்பாதீர்கள் என்று அங்கே முகாம் நடத்துகிறவர்கள் கேட்டுக்கொண்டும் மூட்டை மூட்டையாகப் போய் இறங்கியதாம். பிணத்தைத் தேட ஆள் போதாத ஊரில், துணியைப் பிரித்துக் குப்பையில் போட ஆள் தேட வேண்டியிருந்தது.

அங்கே நடந்தது நம் வெள்ளம் மாதிரி இல்லை. இங்கே தண்ணீர் வந்து நிற்கும். நான்கு நாளோ ஐந்து நாளோ நாறி, அப்புறம் வடியும். சுவர் நிற்கும், வீட்டுப் பத்திரம் நனைந்தாவது கிடைக்கும். அங்கே ஜூலை 30 அன்று நடுராத்திரி தாண்டி ஒரு மணிக்கு மேல் மலையே இறங்கி வந்துவிட்டது. 48 மணி நேரத்தில் 572 மில்லிமீட்டர் மழை. புஞ்சிரிமட்டத்துக்கு மேலே ஏறக்குறைய 1,550 மீட்டர் உயரத்தில் பிய்த்துக்கொண்ட மண்ணும் பாறையும் மரமும் ஆற்றோடு சேர்ந்து எட்டு கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. நம் வீட்டிலிருந்து எர்ணாவூர் வரைக்கும் என்று வைத்துக்கொள். முண்டக்கை, சூரல்மலை எல்லாம் அந்த வழியில் இருந்த ஊர்கள். தூங்கிக்கொண்டிருந்தவர்களைச் சாலியாறு நிலம்பூர் வரை கொண்டுபோய்ப் போட்டது. 230-க்கு மேல் உடல்கள் கிடைத்திருக்கின்றன, நூறு பேருக்கு மேல் இன்னும் காணவில்லை. யார் என்று அடையாளம் தெரியாதவர்களைப் புத்துமலையில் வரிசையாகப் புதைத்து, பெயருக்குப் பதிலாக எண் எழுதி வைத்திருக்கிறார்கள். எல்லா மதத்துக்காரர்களும் சேர்ந்து நின்று வேண்டிக்கொண்டார்களாம். அந்தப் புத்துமலையிலேயே 2019 ஆகஸ்டில் மலை சரிந்து 17 பேர் போனார்கள். முண்டக்கையில் 1984-லும் சரிந்திருக்கிறது. மாதவ் காட்கில் தலைமையில் ஒரு குழு 2011-லேயே மேற்குத் தொடர்ச்சி மலையைத் தொடாதீர்கள் என்று பக்கம் பக்கமாக எழுதிக் கொடுத்தும் யாரும் காதில் வாங்கவில்லை. எனக்கு அதில் ஆத்திரம்தான் வருகிறது. செத்தவர்களில் பெரும்பாலானோர் எஸ்டேட்டில் கொழுந்து பறித்தவர்கள், கூலிக்குப் போனவர்கள், சின்னக் கடை வைத்தவர்கள். மலையை வெட்டச் சொன்னவர்கள் இல்லை. நம் கூடலூர் பக்கத்து ஆட்களும் அதில் போய்விட்டார்கள்.

அதே கூடலூரிலிருந்து ஒரு நர்ஸ் போனதைப் படித்தாயா? பாலம் அடித்துப் போன ஆற்றுக்கு மேலே கயிற்றில் தொங்கியபடி அக்கரைக்குப் போய் அடிபட்டவர்களுக்கு மருந்து கட்டியிருக்கிறார். சுதந்திர தினத்தன்று நம் அரசு அவருக்குக் கல்பனா சாவ்லா விருது கொடுத்தது. உன் அப்பாவுக்கோ பாலம்தான் பேச்சு. ராணுவத்தின் மெட்ராஸ் இன்ஜினியர் குரூப் 190 அடி இரும்புப் பாலத்தை இரண்டே நாளில் கட்டி, ஆகஸ்ட் 1 சாயங்காலம் வண்டியை ஓட்டிக் காட்டியது. வெல்டிங் வேலை பார்த்த மனுஷன் இல்லையா, டிவி முன்னால் உட்கார்ந்து ஒவ்வொரு பலகையாக எண்ணிக்கொண்டிருந்தார்.

சரி, பணம் கேட்கக் கூச்சம் என்றாயே, அதற்கு வருகிறேன்.

நம் தெருவில் அது ஆடி மாதம். கூழ் ஊற்றுவதற்கு வசூல் நோட்டு சுற்றிக்கொண்டிருந்தது. வயநாட்டுச் செய்தி வந்த அன்று சாயங்காலம் பையன்கள் கோயில் வாசலில் கூடி, இந்த வருஷம் மைக் செட்டும் சீரியல் லைட்டும் வேண்டாம், அந்தக் காசை அனுப்பிவிடலாம் என்றார்கள். தர்மகர்த்தா தாத்தா ஒத்துக்கொள்ளவில்லை. அம்மனுக்கு என்று சொல்லி வாங்கிய காசை வேறொன்றுக்கு எடுத்தால் கொடுத்தவனுக்கு என்ன பதில் சொல்வது என்று கேட்டார். பையன்களுக்குக் கோபம். எனக்கு மட்டும் அவர் கேட்டது நியாயம் என்று பட்டது. கடைசியில் தனியாக ஒரு நோட்டு போட்டோம். முதல் பக்கத்தில் “வயநாடு” என்று எழுதி, முதல் ஆளாக அந்தத் தாத்தாவே ஐந்நூறு ரூபாய் வைத்தார்.

நானும் எங்கள் மகளிர் குழுவில் இரண்டு பேரும் வீடு வீடாகப் போனோம். முதல் மூன்று வீட்டில் எனக்கும் நாக்கு எழவில்லை. அப்புறம் பழகிவிட்டது, ஏனென்றால் நான் எனக்காகக் கேட்கவில்லை. ஒரு வீட்டில் ஆயிரம் கொடுத்தார்கள், ஒரு வீட்டில் இருபது. இருபது கொடுத்த அம்மா மீன் கூடை தூக்குகிறவர், காசிமேட்டிலிருந்து அப்போதுதான் வந்திருந்தார். 2004-ல் கடல் உள்ளே வந்தபோது யார் யாரோ சோறு போட்டார்கள், நான் யாரிடம் போய்த் திருப்பிக் கொடுப்பேன், இவர்களிடம் கொடு என்றார். இல்லை என்று சொன்ன வீடுகளும் உண்டு. அவர்களைப் பற்றி எதுவும் நினைக்காதே, அன்று அவர்களிடம் இல்லாமல் இருந்திருக்கும். யார் எவ்வளவு என்பதை எழுதிக் கோயில் பலகையில் ஒட்டினோம். மொத்தம் 38,640 ரூபாய். நீயும் அப்படியே செய். வாங்கியது எவ்வளவு, எங்கே போனது, ரசீது எங்கே என்பதை எல்லாரும் பார்க்கிற இடத்தில் போடு. கணக்கு கண் முன்னால் இருந்தால் இரண்டாம் முறை கேட்கக் கூச்சம் வராது.

அதை எப்படி அனுப்புவது என்று தெருமுனை டீக்கடைச் சேட்டனிடம்தான் கேட்டோம். கல்பெட்டாக்காரர், அவர் சொந்தங்கள் மேப்பாடி முகாமில் வேலை செய்கிறார்கள். அரிசி பருப்பு குவிந்து கிடக்கிறது, வேண்டாம் என்றார். உள்ளாடை, நாப்கின், நைட்டி, அதுவும் புதுசு, கைக்குழந்தைக்காரிகளுக்கு முன்னால் ஜிப் வைத்தது. இதைக் கேட்டதும் எனக்கு அந்த மாடிதான் நினைவுக்கு வந்தது. பாதிப் பணத்தைக் கேரள முதலமைச்சரின் பேரிடர் நிவாரண நிதிக்கு வங்கி வழியாக அனுப்பினோம். மீதியில் எம்.சி. ரோட்டில் துணி எடுத்தோம். விஷயத்தைச் சொன்னதும் கடைக்காரர் கொள்முதல் விலைக்கே போட்டுக்கொடுத்தார். மூன்று பேர் ஒன்பது ராத்திரி தைத்தோம். அறுபத்திரண்டு நைட்டி, நாற்பது பாவாடை. அதோடு உள்ளாடையும் நாப்கினும் புதுசாக வாங்கிச் சேர்த்தோம். சேட்டனும் நம் ஆட்டோக்காரத் தம்பியும் மங்களூர் மெயிலில் கோழிக்கோடு போய், அங்கிருந்து பஸ்ஸில் தாமரச்சேரி மலைப்பாதை ஏறிக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள்.

இன்னொன்று. உன் ஆபீஸ் பிள்ளைகள் போனில் ஸ்கேன் செய்து பணம் போடுகிறவர்கள். முதலமைச்சர் நிதிக்கு இருந்த க்யூஆர் கோடை யாராவது தவறாகப் பயன்படுத்தக்கூடும் என்று அந்த அரசே நிறுத்திவிட்டது. வாட்ஸ்அப்பில் வருகிற எதையும் நம்பாதே. அரசின் இணையதளத்தில் இருக்கிற கணக்கு எண்ணைப் பார்த்து மட்டும் போடச் சொல்.

ஒரு மாதம் ஆகப்போகிறது, இனிமேல் எதற்கு என்று நினைக்கிறாய். பாப்பா, இனிமேல்தான் வேண்டும். முதல் வாரம் உலகமே வந்தது. இப்போது முகாமைக் காலி செய்து வாடகை வீடுகளுக்குப் போகிறார்கள். மாதம் 6,000 ரூபாய் வாடகை அரசு தருகிறது. போன டிசம்பர் புயலுக்கு நமக்கு ரேஷன் கடையில் கொடுத்ததும் அதே 6,000 தான், அது எத்தனை நாளைக்கு வந்தது என்று உனக்கே தெரியும். நமக்காவது திரும்பிப் போக வீடு இருந்தது. வாடகை வீட்டில் பாய் வேண்டும், குக்கர் வேண்டும், பிள்ளைக்கு நோட்டு வேண்டும். சூரல்மலைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை மேப்பாடிக்கு மாற்றப்போகிறார்கள். அடுத்த மாதம் ஓணம் வேறு.

கடன் கொடுத்தவன் காத்திருக்க மாட்டான். இது எனக்குத் தெரிந்த வலி. போன டிசம்பரில் முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு ஒருவன் வாரத் தவணை கேட்டான். கரண்ட் இல்லை, பால் கிடைக்கவில்லை, மெஷினில் தண்ணீர் ஏறிவிட்டது, என்னிடம் நூறு ரூபாய்கூட இல்லை. அவன் கேட்டதைவிட, அக்கம்பக்கத்தார் முன்னால் கேட்டதுதான் எனக்குத் தாங்கவில்லை. வயநாட்டிலும் அரசு அவசரத்துக்குக் கொடுத்த பத்தாயிரத்திலிருந்து ஒரு வங்கி தவணையைப் பிடித்துக்கொண்டது என்று படித்தபோது எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. ஜனங்கள் போராடிய பிறகு திருப்பிக் கொடுக்கிறார்களாம். வீடும் இல்லை, நிலமும் இல்லை, கடன் மட்டும் மண்ணில் புதையாமல் இருக்கிறது. கடனைத் தள்ளுபடி செய்யச் சொல்லி எழுதுகிறவர்களோடு உன் பெயரையும் சேர். அதுவும் உதவிதான்.

ஆட்டோக்காரத் தம்பி திரும்பி வந்து இரண்டு நாள் யாரிடமும் பேசவில்லை. புத்துமலையைப் பார்த்துவிட்டு வந்திருந்தான். மூன்றாம் நாள் கடைக்கு வந்து, அக்கா, நீ தைத்ததை ஒரு அம்மா உள்பக்கம் திருப்பிப் பார்த்தார் என்றான். ஜிப்பையோ பூவையோ பார்க்கவில்லையாம், ஓரத் தையலைத் தடவிப் பார்த்தாராம். பிறகு தமிழிலேயே, நானும் தையல்காரிதான், ஓரம் நன்றாக அடித்திருக்கிறார்கள் என்றாராம். சூரல்மலை கடைத்தெருவில் மெஷின் போட்டிருந்தவர். அந்தக் கடை இருந்த இடத்தில் இப்போது பாறைதான் இருக்கிறது. அவரைப் போலத் தைத்துப் பிழைத்தவர்கள் இன்னும் இரண்டு பேர் அதே முகாமில் இருக்கிறார்களாம்.

என் மெஷின் தண்ணீரில் கிடந்தபோது மூன்று வாரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். கை சும்மா இருக்கும்போதுதான் எல்லாம் திரும்பத் திரும்ப ஞாபகம் வரும். அந்த அம்மா வாங்கிப் போட்டுக்கொண்ட நைட்டி போதும், இனிமேல் அவர் தைக்க வேண்டும்.

அதனால் போர்வைப் பெட்டியை எடுத்துவிட்டு மூன்று மெஷினுக்குக் கேள். சும்மா நிதி என்று கேட்காதே, மூன்று தையல்காரிகளுக்கு மூன்று மெஷின் என்று சொல்லிக் கேள், கொடுக்கிறவர்களுக்குத் தன் காசு எங்கே போய் நிற்கிறது என்று தெரியும். புனேயில் வாங்காதே, ஏற்றுக்கூலியே தின்றுவிடும். கல்பெட்டாவிலேயே கடை இருக்கிறது, சேட்டன் விலை விசாரிக்கிறார். காலால் மிதிக்கிற மெஷின் போதும், வாடகை வீட்டில் கரண்ட் பில் அவர்களுக்குப் பாரமாகும். ஸ்டாண்ட் மர மேஜையோடு இருக்கட்டும். பெரிய கத்தரி ஒன்று, 16-ம் நம்பர் ஊசி ஒரு பாக்கெட், இன்ச் டேப். பாபின் கேஸ் மட்டும் ஒவ்வொரு மெஷினுக்கும் இரண்டாக வாங்கச் சொல், அதுதான் முதலில் தொலையும்.

அப்பா விசாரித்ததாகச் சொல்லச் சொன்னார். வேளைக்குச் சாப்பிடு.

அம்மா