உடைக்கக் கூடாத மாத்திரைகள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எழுபது வயதைக் கடந்த பக்கத்து வீட்டுப் பெரியவர், சர்க்கரைக்குக் கொடுத்த நீளமான மெட்ஃபார்மின் மாத்திரை தொண்டையில் இறங்கவில்லை என்று அதைச் சிறு உரலில் இடித்து மோரில் கலக்கிக் குடிப்பதைச் சென்ற வாரம் பார்த்தேன். அட்டையில் மருந்தின் பெயருக்குப் பின்னால் ‘எஸ்.ஆர்.’ என்று அச்சிட்டிருந்தது. அது ‘சஸ்டெயின்ட் ரிலீஸ்’, அதாவது மருந்தை மெல்ல மெல்ல வெளிவிடும் மாத்திரை என்பதன் சுருக்கம். அதன் பொருளை அவருக்கு எவரும் சொல்லியிருக்கவில்லை. மாத்திரை உற்பத்திப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்பதால் இதை எழுதுகிறேன்.

சாதாரண மாத்திரை, மருந்துத் தூளோடு லாக்டோஸ், ஸ்டார்ச் போன்றவற்றைச் சேர்த்துக் குருணையாக்கி, உலர்த்தி, சலித்து, இயந்திரத்தில் அழுத்தி எடுப்பது. வயிற்றுக்குள் போனதும் சீக்கிரம் கலைய வேண்டும் என்பதற்காகவே அப்படிச் செய்கிறோம். எஸ்.ஆர். மாத்திரையின் வேலை வேறு. அதில் சேர்க்கும் பொருள் ஈரம் பட்டதும் கூழ்போல் உப்பி மருந்தைப் பிடித்துவைத்து, பல மணி நேரத்துக்குச் சிறிது சிறிதாகக் கசியவிடும். (மருந்து இறங்கிய பின் வெறும் கூடு மலத்தோடு வெளிவருவதும் உண்டு, அதைக் கண்டு அஞ்ச வேண்டாம்.) இடித்துவிட்டால் நாள் முழுவதற்குமான அளவு ஒரே மூச்சில் உடம்பில் இறங்கிவிடும். நடுவே கோடுள்ள எஸ்.ஆர். மாத்திரைகளில் சிலவற்றைப் பாதியாக்கலாம் என்றாலும், அவற்றையும் நசுக்கக் கூடாது.

வயிற்றில் அமிலம் சுரப்பதைக் குறைக்கத் தரும் பான்டோப்ரசோல் மாத்திரையின் கதை இதற்கு நேர்மாறானது. வயிற்று அமிலம் பட்டால் அந்த மருந்தே சிதைந்துவிடும் என்பதால், குடலுக்குப் போன பிறகே கரையும் பூச்சு அதற்குப் போடப்படுகிறது. அமிலக் கரைசலில் இரண்டு மணி நேரம் வைத்தும் பூச்சு விரிசல் விடாமல் இருந்தால்தான் பரிசோதனைக் கூடத்தில் தேறும். அத்தனை பாடுபட்டுப் போட்ட பூச்சு வீட்டு உரலில் ஒரே இடியில் போய்விடுகிறது. அதே வகை மருந்தான ஒமிப்ரசோல் கேப்சூலுக்குள் இருக்கும் சிறு உருண்டைகளுக்கும் இதே விதிதான்.

2023 ஆகஸ்ட் 1 முதல் 300 மருந்து பிராண்டுகளுக்கு கியூஆர் குறியீடு கட்டாயமாக்கப்பட்டது நல்லதே. ஆனால் இந்தப் பெரியவருக்கு அதைவிடப் பயன்படுவது, ‘முழுதாக விழுங்கவும், உடைக்கவோ நசுக்கவோ கூடாது’ என்று தமிழில் ஒரு வரி. அதை அட்டையில் அச்சிட அரசு ஆவன செய்ய வேண்டும். அதுவரை, அட்டையைக் கத்தரித்து நான்கைந்து மாத்திரைகளைக் காகித உறையில் போட்டுத் தரும் மருந்துக் கடைக்காரர்கள் உறையின் மேல் அதைப் பேனாவால் எழுதித் தரலாம்.

விழுங்க முடியாதவர்கள் தாமாக மருந்தை நிறுத்தாமல் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். அந்தப் பெரியவருக்கு இப்போது சாதாரண மெட்ஃபார்மினையே வேளைக்கு ஒன்றாகப் பிரித்து எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மாத்திரை உற்பத்தி மேற்பார்வையாளர்,
செங்கல்பட்டு மாவட்டம்.