கடிகாரம் திரும்பும் ஞாயிறு

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலிதான் விட்டபாடில்லை.

அக்டோபர் கடைசி ஞாயிறு வந்துவிட்டது. வெளிச்சத்தை மிச்சம் பிடிக்க மார்ச்சில் ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைத்த கடிகாரம், அன்று விடியற்காலை 4 மணி ஆனதும் ஃபின்லாந்தில் மறுபடி 3-க்குப் போய்விடும். நமக்கும் உங்களுக்கும் இரண்டரை மணியாக இருந்த வித்தியாசம் மூன்றரை ஆகும். இத்தனை நாள் நீ டியூட்டி முடிந்து 7 மணிக்குக் கூப்பிட்டால் இங்கே ஒன்பதரை. இனிமேல் பத்தரை. அம்மா மாத்திரையைப் போட்டுக்கொண்டு, கொட்டாவி விட்டபடி போனும் கையுமாக உட்கார்ந்திருப்பாள். படுத்துக்கொள் என்றால் கேட்கிற ஆளா?

ரயில்வேயில் கார்டாக இருந்தவனுக்கு இந்தக் கூத்து இன்னும் ஜீரணமாகவில்லை. ஒரே ராத்திரியில் 3 மணி இரண்டு தடவை வந்தால் டைம்டேபிள் என்ன ஆவது? அன்றைக்கு இரவு ரயில்களை ஏதாவது ஸ்டேஷனில் ஒரு மணி நேரம் நிறுத்திவைத்து விடுவார்கள் என்று மாப்பிள்ளை சொன்னார். சரி, வேறு வழி?

ஃபின்லாந்துக்காரர்கள் இதை 1942-இல் ஒரு வருஷம் செய்து பார்த்துவிட்டு விட்டவர்கள், 1981-இல் மறுபடி பிடித்துக்கொண்டார்கள். நீங்கள் இருக்கிற ஓலு ஊரில் ஜூன் மாதம் ராத்திரி என்பதே பேருக்குத்தான். டிசம்பர் கடைசியில் பத்தரை வாக்கில் வரும் சூரியன் மத்தியானம் இரண்டு மணி வாக்கில் மறைந்துவிடுகிறது. இதில் ஒரு மணி நேரத்தை இழுத்து என்ன மிச்சம்? அந்த ஊர்க்காரர்களே வேண்டாம் என்று 70,000 பேருக்கு மேல் கையெழுத்துப் போட்டார்கள். 2019-இல் ஐரோப்பிய நாடாளுமன்றமும் 410-க்கு 192 என்று நிறுத்தச் சொல்லி ஓட்டுப் போட்டது. ஆனால் கோடைக்கால நேரமா, குளிர்கால நேரமா, எதை வைத்துக்கொள்வது என்று நாடுகளுக்குள் ஒத்துப்போகவில்லை. தோர்னியோவில் பாலம் தாண்டி ஸ்வீடன் பக்கம் கால் வைத்ததும் உன் போனில் ஒரு மணி குறைந்ததைக் காட்டினாயே, அந்த மாதிரி இன்னும் எத்தனை பாலம் வருமோ என்ற பயம் அவர்களுக்கு.

அதனால் மார்ச் கடைசி வரை ராத்திரி கூப்பிடாதே. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் 12 மணிக்குக் கூப்பிடு. இங்கே மூன்றரை, அம்மா தூங்கி எழுந்து காபி போடுகிற நேரம். உனக்கும் அப்போதுதான் வெளிச்சம் இருக்கும், முகமும் தெளிவாகத் தெரியும்.

அப்புறம், அந்தச் சனிக்கிழமை உனக்கு நைட் ஷிஃப்ட் என்றாயே. கூடுதலாக வேலை பார்க்கிற அந்த ஒரு மணி நேரத்துக்கும் சம்பளம் சேர்ந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்.

அன்புடன்,
அப்பா