குடியைப் பற்றியும் கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நான் வேலூர் மாவட்டத்தைச் சேர்ந்த ஒரு முன்னாள் ஹவில்தாரின் மனைவி. எங்கள் பக்கத்தில் தெருவுக்கு நாலு மிலிட்டரிக்காரர்களாவது இருப்பார்கள். ஊரடங்கில் அந்த வீடுகளுக்குள் நடந்ததைத்தான் இன்றுவரை யாரும் வெளியே பேசுவதில்லை.

2020 மார்ச் 24 மாலை டாஸ்மாக் மூடியது. முன்னாள் ராணுவத்தினருக்குச் சலுகை விலையில் மது தரும் மிலிட்டரி கேன்டீனுக்கும் போக வழியில்லை. என் கணவர் கார்கில் சண்டையின்போது திராஸ் பக்கம் இருந்தவர். ராத்திரி ரம் இல்லாமல் தூக்கம் வராது என்பார். இரண்டாம் நாளே கை நடுங்கி டீ டம்ளரைப் பிடிக்க முடியவில்லை. மூன்றாம் நாள் ராத்திரி விளக்கையெல்லாம் அணைத்துவிட்டு, "மேலே ஆள் நிக்கிறான், சத்தம் போடாதே" என்று என்னையும் பிள்ளையையும் சுவரோரம் உட்கார வைத்தார். உடம்பெல்லாம் வேர்வை. மாமியார் காத்து கருப்பு என்று திருநீறு பூசினார். விடிவதற்குள் வலிப்பு வந்துவிட்டது. பக்கத்து வீட்டுத் தம்பி போலீசுக்குக்கூட பயப்படாமல் காரில் தூக்கிக்கொண்டு ஓடினான்.

ரொம்ப நாள் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் உயிரே போகலாம், மருந்து கொடுத்துத்தான் நிறுத்த வேண்டும் என்று டாக்டர் அன்றைக்குத்தான் சொன்னார். அதற்கு முன் எட்டு வருஷமாக பிரஷருக்கும் சுகருக்கும் ஒரு கிளினிக்குக்குப் போய்க்கொண்டிருந்தோம். எவ்வளவு குடிக்கிறீர்கள், கெட்ட கனவு வருகிறதா என்று ஒருவர்கூடக் கேட்டதில்லை.

கேரள அரசு மார்ச் 30 அன்று டாக்டர் சீட்டுக்கு மது தர உத்தரவிட்டது; ஏப்ரல் 2 அன்று உயர் நீதிமன்றம் அதைத் தடுத்தது சரிதான். ஆனால் இங்கே கடையைத் திறப்பதா மூடுவதா என்று உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். நடுங்கிக்கொண்டிருக்கிற மனுஷனை எங்கே கூட்டிப்போவது என்று எங்களுக்குச் சொல்லத்தான் ஆளில்லை.

கேன்டீன் கார்டில் மாதாமாதம் மது கோட்டா தவறாமல் வருகிறது. அதே அக்கறையோடு முன்னாள் ராணுவத்தினருக்கான மருத்துவத் திட்டமான ஈ.சி.எச்.எஸ்.-ன் ஒவ்வொரு பாலிகிளினிக்கிலும் மனநல ஆலோசகர் ஒருவர் இருக்க வேண்டும். நவம்பரில் லைஃப் சர்டிபிகேட் கொடுக்க வருகிறவர்களை அன்றைக்கே உட்கார வைத்துப் பேசலாம். மனைவியையும் தனியாகக் கேளுங்கள். இவர்கள் "நல்லா இருக்கேன் சார்" என்றுதான் சொல்வார்கள். 2022-ல் வந்த டெலி மானஸ் என்ற மனநல உதவி இலவச எண் 14416 எங்கள் தெருவில் பாதிப் பேருக்குத் தெரியாது. அதையாவது கேன்டீன் வாசலில் பெரிதாக எழுதி வையுங்கள்.

என் கணவர் மருந்து எடுத்து நிறுத்திவிட்டார். எதிர்வீட்டு அண்ணனும் மிலிட்டரிதான். மே 7 அன்று கடை திறந்தபோது விடியற்காலையிலேயே வரிசைக்குப் போனார். அவர் மனைவி போன வாரம்தான் என்னிடம் வந்து, எந்த டாக்டர் என்று கேட்டார்.

இப்படிக்கு,
ஒரு முன்னாள் ராணுவ வீரரின் மனைவி,
வேலூர் மாவட்டம்