சத்தமில்லாத மில்

அன்புள்ள அம்மணிக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது, வாய் குறையவில்லை. ஞாயிற்றுக்கிழமை போனில் நீ ஒன்று கேட்டாய், நான் பதில் சொல்வதற்குள் உனக்கு பஸ் வந்துவிட்டது. அதனால்தான் நோட்டில் எழுதுகிறேன். முடித்ததும் தம்பி போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புவான். கையெழுத்து புரியாத இடத்தில் கூப்பிட்டுக் கேள்.

"கனவுல பறப்பேன்னு சொல்வீங்களே அப்பா, அது கனவுன்னு தெரிஞ்சேதான் பறந்தீங்களா?" என்று கேட்டாய். தெரிந்தேதான். அதற்கு லூசிட் ட்ரீம் என்று ஒரு பெயர் இருப்பதே நீ சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

உனக்கு நினைவிருக்குமோ என்னவோ, நீ நாலாவது, அஞ்சாவது படிக்கும்போது எனக்கு மாதத்தில் பாதி நாள் ஃபுல் நைட். ராத்திரி ஒரு மணிக்கு உள்ளே போனால் காலை எட்டு மணிச் சங்குக்கு வெளியே வருவேன். தலை, புருவம், காது மடல் எல்லாம் பஞ்சு. குளித்து, நாலு இட்லி தின்று, ஒன்பது மணிக்குப் படுத்தால் பன்னிரண்டரைக்கு அம்மா சோற்றுக்கு எழுப்புவாள். சாப்பிட்டு, பேப்பர் பார்த்துவிட்டு, ஒன்றரைக்கு மறுபடியும் படுப்பேன். நான் சொல்லும் கனவெல்லாம் பெரும்பாலும் அந்த இரண்டாம் தூக்கத்தில் வந்தவை. டே ஷிப்ட் வாரங்களில் ஒன்றுகூட வராது. ஏன் என்று அப்போது நான் யோசித்ததில்லை.

முதல் தடவை வந்தது நன்றாக ஞாபகம் இருக்கிறது. கனவிலும் மில்தான். நூல் நூற்கிற ரிங் பிரேம் ஓடுகிறது, நான் என் சைடில் நிற்கிறேன். பக்கத்து சைடு பார்க்கிறவர், "மாப்ளே, டீ குடிச்சாச்சா?" என்று மெதுவாகக் கேட்டார். எனக்குக் கேட்டது. அங்கேதான் உறைத்தது. ரிங் பிரேம் ஷெட்டில் காதுக்குள் வாயை வைத்துக் கத்தினாலும் பாதிதான் விளங்கும். நாங்களெல்லாம் சைகையிலும் உதட்டசைவிலும் பேசிப் பழகியவர்கள். சத்தம் எங்கே போயிற்று என்று பார்த்தேன். பிரேம் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது, சத்தத்தை மட்டும் காணோம். அடடா, நான் வீட்டில் படுத்திருக்கிறேன், இது கனவு என்று தெரிந்தது. ஒரு எம்பு எம்பினேன், கூரைச் சட்டத்தில் தொங்கும் பஞ்சு வரைக்கும் போய்விட்டேன். போன சந்தோஷத்தில் விழிப்பு வந்துவிட்டது.

அப்புறம் அது பழகிவிட்டது. மில்லில் சத்தம் இல்லையென்றால் கனவு. சந்தோஷம் தலைக்கேறினால் கனவு கலைந்துவிடும் என்பதையும் தெரிந்துகொண்டேன். கலைகிற மாதிரி இருந்தால் பிரேமில் இருந்து நூல் சுற்றின ஒரு பாபினை எடுத்துக் கையில் இறுக்கிப் பிடித்துக்கொள்வேன். அதன் சூடும் நூலின் சொரசொரப்பும் கையில் இருக்கிற வரைக்கும் கனவு நிற்கும். கனவுக்குள் இரண்டு உள்ளங்கைகளையும் தேய்க்கச் சொல்கிறார்களாமே, தம்பி படித்துக் காட்டினான். எனக்கு பாபின் கிடைத்தது, அவ்வளவுதான்.

தம்பி இன்னொன்றும் படித்துக் காட்டினான். இங்கிலாந்தில் நீ வேலை பார்க்கிற ஹல் ஊரில்தான் இந்த லூசிட் ட்ரீம் முதன்முதலில் நிரூபணம் ஆகியிருக்கிறது, தெரியுமா? 1975 ஏப்ரலில், அந்த ஊர்ப் பல்கலைக்கழகத்தில் கீத் ஹெர்ன் என்ற ஆராய்ச்சியாளர், ஆலன் வோர்ஸ்லி என்பவருக்குத் தலையிலும் கண் ஓரத்திலும் ஒயர் ஒட்டித் தூங்க வைத்துக் காத்திருந்தார். கனவில் இருக்கிறவன் வெளியே இருக்கிறவனுக்கு எப்படித் தெரியப்படுத்துவான்? கை கால் அசையாது. கனவு ஓடும் நேரத்தில் மூளை தசைகளைக் கட்டிப் போட்டுவிடுகிறது, இல்லையென்றால் கனவில் ஓடுகிறவன் கட்டிலில் இருந்தும் எழுந்து ஓடுவான். கண்ணைக் கட்டாமல் விட்டுவிடும். அதனால் கனவு என்று தெரிந்ததும் கண்ணை இடமும் வலமுமாக இத்தனை தடவை அசைப்பது என்று முன்கூட்டியே பேசி வைத்திருந்தார்கள். காலை எட்டு மணி சுமாருக்குக் காகிதத்தில் கோடு அதே கணக்கில் ஏறி இறங்கியிருக்கிறது. ஆள் தூக்கத்தில்தான் இருக்கிறார். சில வருடம் கழித்து அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டில் ஸ்டீவன் லாபெர்ஜ் தனியாக இதையே செய்து காட்டினார், பேர் அவருக்குத்தான் போனது. முதலில் செய்தவனுக்குப் பேர் கிடைக்காதது மில்லில் மட்டும் நடக்கிற விஷயம் என்று நினைத்திருந்தேன்.

2021இல் இன்னும் ஒரு படி மேலே போய், கனவில் இருக்கிற ஒருவரிடம் எட்டில் ஆறு போனால் எத்தனை என்று கேட்டு, கண்ணசைவிலேயே இரண்டு என்று பதில் வாங்கியிருக்கிறார்கள். "தூங்கறவனப் போயி யாராச்சும் கணக்குக் கேப்பாங்களா?" என்கிறாள் அம்மா.

காலை எட்டு மணி என்று படித்ததும் எனக்கு ஒன்று பிடிபட்டது. விடியற்காலைக் கனவு பலிக்கும் என்று உன் அப்பத்தா சொல்வாள். பலிக்கிறதோ இல்லையோ, விடியற்காலைக் கனவுதான் ஞாபகம் நிற்கும். தூக்கம் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரச் சுற்றாகப் போகிறது. முன்னிரவுச் சுற்றுகளில் ஆழ்ந்த தூக்கம் அதிகம், கனவு கொஞ்சம். விடிய விடியக் கனவுப் பங்கு நீண்டுகொண்டே போகும், அதிலிருந்து நேராக விழிப்பதால் நினைவிலும் தங்கும். நான் ஒன்பது மணிக்குப் படுத்தபோது உடம்புக் கடிகாரம் கனவு வேளையிலேயே இருந்திருக்கிறது. நடுவில் ஒரு மணி நேரம் விழித்திருந்து மறுபடி படுத்ததில் மனம் அரைகுறையாக முழித்திருந்திருக்கிறது. இதைத்தான் இப்போது ஒரு முறை என்று சொல்லித் தருகிறார்கள்: ஐந்து மணி நேரம் தூங்கி, எழுந்து, கொஞ்ச நேரம் கழித்து மறுபடி படு என்று. எனக்கு அது அம்மாவின் சோற்றுத் தட்டு.

சரி, உன் விஷயத்துக்கு வருகிறேன். போனில் ஏதோ ஆப் போட்டு, தினமும் நாலு மணிக்கு அலாரம் வைக்கப் போவதாகச் சொன்னாய். அது எனக்குப் பிடிக்கவில்லை. உனக்குப் பன்னிரண்டு மணி நேர நைட் டியூட்டி. ஏற்கெனவே பிய்ந்து கிடக்கிற தூக்கத்தை அலாரம் வைத்து இன்னும் பிய்க்காதே. தொடர்ந்து இரண்டு நாள் லீவு இருந்தால் இரண்டாவது நாள் காலையில் வேண்டுமானால் செய்து பார். ஆஸ்திரேலியாவில் அடிலெய்டு பல்கலைக்கழகத்தில் 2017இல் ஒரு ஆய்வு நடந்திருக்கிறது. மூன்று வழிகளைச் சேர்த்து ஒரு வாரம் செய்தவர்களுக்கே 17 சதவீத முயற்சிதான் பலித்ததாம். அதிலும், நடுவில் எழுந்து மறுபடி படுத்து ஐந்து நிமிடத்துக்குள் தூங்கிவிட்டவர்களுக்கு மட்டும் 46 சதவீதம் பக்கம் போயிருக்கிறது. நல்லாத் தூங்குகிறவனுக்குத்தான் இதுவும் வரும் போல.

அலாரம் இல்லாமல் செய்யக் கூடியதைச் சொல்கிறேன். தூங்கி எழுந்ததும் புரளாதே. கண்ணைத் திறக்காமல் அதே பக்கமாகவே கிட. புரண்டு படுத்தால் கனவு தலையணையோடு போய்விடும். கடைசியாக என்ன வந்தது என்று வாலைப் பிடித்துப் பின்னாலேயே போனால் மீதியும் வரும். வந்ததை நாலு வரி எழுதி வை. போனில் வேண்டாம், போனை எடுத்தால் உன் கைக்கு முதலில் வருவது வாட்ஸ்அப். இரண்டு மூன்று வாரத்தில் உன் கனவில் திரும்பத் திரும்ப வருகிற ஒரு கோணல் கண்ணில் படும். எனக்குச் சத்தமில்லாத மில். உனக்கு என்னவென்று நீதான் கண்டுபிடிக்க வேண்டும். அந்த ஊரில் டெலிபோன் பூத்தெல்லாம் சிவப்பாக இல்லாமல் பாலாடை நிறத்தில் இருக்கிறது என்று போட்டோ அனுப்பினாயே, என்றைக்காவது உன் தெருவில் அது சிவப்பாக நின்றால் சந்தேகப்படு.

கனவில் எழுத்து நிற்காது. ஒரு தடவை படித்துவிட்டு மறுபடி பார்த்தால் பெரும்பாலும் வேறாக இருக்கும். நீ நர்ஸ், மருந்து லேபிளை எடுக்கும்போது ஒரு தடவை, அளக்கும்போது ஒரு தடவை, கொடுக்கும் முன் ஒரு தடவை என்று படித்துப் பழகியவள். பகலில் ஊறின பழக்கம் கனவிலும் வரும். ஆனால் வார்டில் நின்றுகொண்டு "இது கனவா?" என்று யோசிக்கிற வேலையெல்லாம் வேண்டாம். பஸ்ஸில் செய், கடையில் செய். கனவென்றால் மூக்கைப் பிடித்தாலும் மூச்சு வரும் என்று சும்மா பேருக்குப் பிடித்துப் பார்த்துப் பிரயோஜனம் இல்லை. நிஜமாகவே ஒரு நிமிடம் சந்தேகப்பட்டுச் சுற்றிலும் பார்க்க வேண்டும்.

பகல் கனவைப் பற்றித்தான் நிறையச் சொல்ல வேண்டும். கணக்கு டீச்சர் உன்னைப் பற்றிப் புகார் சொன்னபோது நானும் திட்டினேன், அதற்கு இப்போது வருத்தப்படுகிறேன். ஃபுல் நைட் முடிந்து படுத்தால் தூக்கம் உடனே வராது. அப்போது மனசுக்குள்ளேயே மில்லுக்கு நடப்பேன். கேட், வாட்ச்மேன் மேசை, சைக்கிள் ஸ்டாண்டில் மூன்றாவது தூண், பஞ்சைச் சிக்கெடுக்கிற கார்டிங் ஷெட்டைத் தாண்டும்போது மூக்கில் ஏறும் பஞ்சு நெடி, தரையில் கால் வைத்ததும் பாதத்தில் ஏறும் அதிர்வு. அவசரப்படாமல் போக வேண்டும். என் பிரேம் வரைக்கும் விழிப்போடு போய்ச் சேர்ந்தது கொஞ்ச நாள்தான். சேர்ந்த நாட்களில் சத்தம் நின்று, நான் கனவுக்குள் நின்றிருப்பேன். நடுவழியில் தூங்கிவிட்டால் அதுவும் லாபம்தானே. நீயும் இதைத்தான் செய்துகொண்டிருந்தாய். மொட்டை மாடியில் பாய் போட்டுப் படுத்துக்கொண்டு, "இன்னிக்குக் கனவுல ஊட்டி ரயிலு" என்று சொல்லிவிட்டு, மேட்டுப்பாளையத்தில் ஏறி ஒவ்வொரு ஸ்டேஷனாகச் சொல்லிக்கொண்டே வருவாய். குன்னூரைத் தாண்டினதே இல்லை.

அதையே இப்போதும் செய். முந்தின கனவை மனதில் ஓட்டிப் பார், எங்கே கோணலாக இருந்ததோ அங்கே நிறுத்து, "இது கனவு" என்று நீ கண்டுபிடிக்கிற மாதிரி கற்பனை செய். "அடுத்த கனவுல ஞாபகம் வரணும்" என்று சொல்லிக்கொண்டே தூங்கு. லாபெர்ஜ் சொல்லித் தந்ததும் ஏறக்குறைய இதுதானாம்.

ஒன்று மட்டும் முன்பே சொல்லி வைக்கிறேன், தனியாக இருக்கிற பிள்ளை பயந்துவிடக் கூடாது. தூக்கம் முன்னே பின்னே ஆகிறவர்களுக்கு அமுக்குவான் வரும். எனக்கு இரண்டு தடவை வந்திருக்கிறது. விழித்துவிட்டேன், சுவர்க் கடிகாரம் தெரிகிறது, விரலை அசைக்க முடியவில்லை, நெஞ்சு மேல் யாரோ உட்கார்ந்த மாதிரி பாரம். உன் அப்பத்தா தலைமாட்டில் அரிவாள் வைத்தாள், திருநீறு பூசினாள். கனவு வேளையில் கட்டின கட்டு அவிழ்வதற்குள் மனம் மட்டும் முழித்துக்கொள்வதுதான் அது. எதிர்த்துப் போராடினால் பயம் கூடும். மூச்சை மட்டும் கவனி, கால் கட்டை விரலை அசைக்கப் பார். ஒன்றிரண்டு நிமிடத்தில் விட்டுவிடும். அடிக்கடி வந்தால் உங்கள் ஊர் டாக்டரிடம் சொல். ராத்திரியெல்லாம் பயங்கரக் கனவாக இருந்தாலும், பகலில் எது நிஜம் எது கனவு என்று குழம்பினாலும் இந்த விளையாட்டை அன்றைக்கே நிறுத்திவிடு.

நான் மில்லை விட்டு வந்தபின் இந்தக் கனவு நின்றுபோயிருந்தது. மில்லையும் இடித்துவிட்டார்கள், இப்போது அங்கே அடுக்குமாடி வீடுகள். நீ கேட்ட ஞாயிற்றுக்கிழமைக்கு அப்புறம் நானும் படுக்கும்போது கேட்டில் இருந்து நடக்க ஆரம்பித்தேன். நாலு நாள் சைக்கிள் ஸ்டாண்டிலேயே தூங்கிவிட்டேன். நேற்று விடியற்காலை பாத்ரூம் போய் வந்து படுத்தவன், நேராக என் சைடில் நிற்கிறேன். சத்தம் இல்லை. கனவு என்று உடனே தெரிந்துவிட்டது. இடித்த மில் என்பதும் தெரிகிறது. பறக்க வேண்டும் என்று ஏனோ தோன்றவே இல்லை. நாலைந்து இழை அறுந்து கிடந்தது. பாபினை நிறுத்தி, நுனியைத் தேடி எடுத்து, டிராவலர் என்கிற குட்டிக் கம்பி வளையத்தில் கோர்த்து, மேலே உருளையில் இருந்து வரும் பஞ்சோடு தொட்டேன். பிடித்துக்கொண்டது. அடுத்ததும் பிடித்துக்கொண்டது. மூன்றாவதில் கை வைக்கும்போது பால்காரன் பெல் அடித்துவிட்டான்.

அம்மாவிடம் சொன்னேன். "ரிட்டயர் ஆகியும் ஃபுல் நைட்டாக்கும், சம்பளம் யாரு குடுப்பாங்க?" என்றாள்.

பருப்புப் பொடியும் நார்த்தங்காயும் பார்சல் கட்டி வைத்திருக்கிறாள். உன் அறை ஜன்னலுக்கு கனமான திரை வாங்கிப் போடு. நைட் முடிந்து வருகிற அன்றைக்கு வெளிச்சம் உள்ளே வரக் கூடாது. ஏதாவது கனவு வந்தால் எழுதி அனுப்பு. பெரிய எழுத்தாக எழுது, என் கண்ணாடிக்குப் பவர் மாற்ற வேண்டியிருக்கிறது.

அன்புடன்,
அப்பா