செயலாளர் ஆண்டறிக்கை: கணக்கில் வராத மணி நேரங்கள்

தலைவர் அவர்களுக்கும் பொதுக்குழு உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

சென்ற பொதுக்குழுவில் ஓர் உறுப்பினர் எழுந்து, "பெண்கள் நலம் பற்றிய கூட்டத்தை மாலை 6 மணிக்கு வைத்தால் எந்தப் பெண்ணால் வர முடியும்?" என்று கேட்டார். சரியான கேள்வி. சமையல், பிள்ளைகளின் பாடம், பெரியவர்களின் மருந்து எல்லாம் ஒன்றாக வந்து நிற்கும் நேரம் அது. கூட்டத்தை ஞாயிறு முற்பகலுக்கு மாற்றினோம். குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஆண் உறுப்பினர்கள் முறை வைத்துக்கொண்டார்கள். அதற்கப்புறம் வருகைப் பதிவேட்டில் பெண்களின் கையெழுத்தே அதிகம்.

இந்த ஆண்டின் முக்கியப் பணி நேரக் குறிப்பேடு. வீட்டில் யார் எந்த வேலையை எவ்வளவு நேரம் செய்கிறார் என்று ஒரு வாரம் எழுதச் சொன்னோம். சம்பளமில்லாத பராமரிப்பு வேலைக்கு உலக அளவில் பெண்கள் நாளுக்கு 4 மணி 25 நிமிடமும் ஆண்கள் 1 மணி 23 நிமிடமும் செலவிடுகிறார்கள் என்பது சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 2018 கணக்கு. அதைப் படித்ததும் "எங்கள் வீட்டில் அப்படி இல்லை" என்றார் ஒருவர். ஏழாம் நாள் அவர் குறிப்பேட்டைக் கொண்டுவந்தார். அவர் பக்கத்தில் நான்கைந்து வரிகள். மனைவியின் பக்கத்தில் இடம் போதாமல் ஓரத்திலும் எழுத்து: 'இரவு 2 மணி, மாமாவைக் கழிப்பறைக்கு அழைத்துப் போனது.' தன் அப்பாவுக்காக அவர் இப்படித் தினமும் எழுந்தது தெரியவே தெரியாது என்றார். இப்போது இரவு முறை அவருடையது.

உடல்நலக் கூட்டத்தில் பேசிய மருத்துவர், மாரடைப்பின்போது பெண்களுக்கு நெஞ்சுவலியோடு, சில சமயம் அது இல்லாமலும், மூச்சுத்திணறல், குமட்டல், தாடை வலி, முதுகுவலி, கடும் களைப்பு வரலாம் என்றார். நம் உறுப்பினர் ஒருவர் முதுகுவலியை வேலை அலுப்பு என்று மூன்று நாள் தள்ளிப்போட்டார். பிறகு போன இடத்தில் 'டென்ஷன்தான்' என்று அனுப்பிவிட்டார்கள். வேறோர் இடத்தில் இ.சி.ஜி. எடுத்த பிறகே இதயம் என்று தெரிந்தது. தேறி வருகிறார்; ஆனால் எனக்கு ஆறவில்லை. மருந்து ஆய்வுகளிலும் இதே கதைதான். கருத்தரிக்கும் வாய்ப்புள்ள பெண்களை ஆரம்பக்கட்டச் சோதனைகளில் சேர்க்க வேண்டாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 1977-இல் சொன்னது. 1993-இல்தான் அந்த அறிவுரையைக் கைவிட்டது. சோல்பிடம் என்ற தூக்க மாத்திரை பெண்களின் உடலிலிருந்து மெதுவாகவே வெளியேறுகிறது என்று அவர்களுக்கான அளவை அதே அமைப்பு பாதியாக்கியது 2013-இல்தான்.

பராமரிப்புப் பொறுப்பால் வேலைச் சந்தைக்கு வெளியே நிற்கும் பெண்கள் உலகில் 70 கோடிக்கு மேல். ஆண்கள் சுமார் 4 கோடி. அப்பாவைக் கவனிக்க வேலையை விட்ட ஓர் உறுப்பினரிடம் நேர்முகத் தேர்வில் கேட்டார்கள்: "இத்தனை வருடம் சும்மாவா இருந்தீர்கள்?" அவருடைய விண்ணப்பத்தில் அந்த ஆண்டுகளை வேலையாகவே எழுத உதவினோம்.

பராமரிப்பவருக்கு வாரம் ஒரு பிற்பகல் ஓய்வு தரும் திட்டம் மட்டும் நடக்கவில்லை. முறைக்கு ஆள் போதவில்லை. பெயர்ப் பட்டியல் வாசலில் இருக்கிறது. ஆண்கள் முதலில் எழுதுமாறு கேட்டுக்கொள்கிறேன். வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார்.

செயலாளர்