மேட்டூர் நீர்த்தேக்கத்தில் மூழ்கிய ஊர்களின் அன்றாட வாழ்க்கையை மக்களே ஆவணப்படுத்த வழிசெய்யக் கோரும் மனு

அனுப்புநர்
பண்ணவாடி, கோட்டையூர், காவேரிபுரம், கொளத்தூர் சுற்றுவட்டாரப் பொதுமக்கள்,
மேட்டூர் வட்டம்,
சேலம் மாவட்டம்.

பெறுநர்
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்,
சேலம்.

பொருள்: மேட்டூர் அணையில் மூழ்கிய ஊர்களின் நினைவுகள், படங்கள், வீட்டு ஆவணங்கள் ஆகியவற்றைப் பொதுமக்கள் பங்கேற்புடன் கணினிமயமாக்கிப் பாதுகாக்க இடமும், ஆவண அனுமதியும், துறைகளின் ஒத்துழைப்பும் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். 1925-இல் வேலை தொடங்கி, 1934 ஆகஸ்ட் 21 அன்று திறக்கப்பட்ட மேட்டூர் அணையின் கதை எல்லோருக்கும் தெரிந்ததே. முழுக் கொள்ளளவு 93.47 டி.எம்.சி., நீர்மட்டம் 120 அடி, பாசனம் பெறுவது 12 மாவட்டங்களில் ஏறத்தாழ 16 லட்சம் ஏக்கர் என்று பள்ளிப் பிள்ளைகளும் ஒப்பிப்பார்கள். பாசனத்துக்கு அணையைத் திறக்கும் வழக்கமான நாளான ஜூன் 12 நெருங்கினால் திருவாரூர், நாகப்பட்டினம் வரை எல்லோரும் எங்கள் அணையின் நீர்மட்டத்தைத்தான் விசாரிக்கிறார்கள். அதில் எங்களுக்குப் பெருமையும் உண்டு. அந்தத் தண்ணீர் தேங்கி நிற்கும் இடத்தில்தான் பழைய காவேரிபுரம், சாம்பள்ளி, நாயம்பாடி போன்ற ஊர்கள் இருந்தன. வீடு, கிணறு, களத்துமேடு, கோயில், சுடுகாடு என எல்லாவற்றையும் விட்டுவிட்டு மேட்டுக்கு ஏறியவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும்தான் இந்த மனுவைக் கொடுக்கிறோம்.

இழப்பீடு கேட்டோ பட்டா கேட்டோ வரவில்லை. அவற்றுக்கு வேறு மனுக்கள், வேறு வழக்குகள் இருக்கின்றன. நினைவு மண்டபமும் வேண்டாம். மண்டபம் கட்டினால் திறப்பு விழாக் கல்வெட்டில் யார் யார் பெயர் வரும் என்பது தங்களுக்கே தெரியும். மூழ்கிய ஊர்க்காரன் பெயர் அதில் வராது. நாங்கள் கேட்பது இதைவிடச் சிறியது, ஆனால் காலம் கடந்தால் யாராலும் செய்து தர முடியாதது.

அணை நிரம்பிய காலத்தில் பத்து வயதாக இருந்தவர்களுக்கு இன்று நூறு வயது தாண்டியிருக்கும். நேரில் பார்த்துச் சொல்லக்கூடிய தலைமுறை அநேகமாக முடிந்துவிட்டது. அவர்கள் மடியில் உட்கார்ந்து கேட்டவர்களுக்கே இப்போது எழுபது, எண்பது வயது. எந்தத் தெரு எந்தப் பக்கம் போனது, எந்தக் கிணற்றில் யார் தண்ணீர் இறைக்கலாம், யார் இறைக்கக் கூடாது, காளைச் சந்தை எங்கே கூடியது, ஆற்றைக் கடக்க எங்கே இறங்கினார்கள் என்பதெல்லாம் இவர்கள் வாயில்தான் இருக்கிறது. 1800-இல் கிழக்கிந்தியக் கம்பெனிக்காகப் பயணம் செய்த பிரான்சிஸ் புக்கானன், கொள்ளேகால் பக்கமிருந்து மலையிறங்கிக் காவேரிபுரத்துக்கு வந்து, கண்டதை எழுதிவைத்துவிட்டுப் போனார். ஏறத்தாழ 225 ஆண்டுக்கு முன் வழிப்போக்கராக வந்த ஒருவர் எழுதியது இன்றும் படிக்கக் கிடைக்கிறது. இங்கேயே பிறந்து வளர்ந்தவர்கள் சொன்னது கிடைக்கவில்லை.

நீர்மட்டம் நன்றாகச் சரியும் ஆண்டுகளில் பண்ணவாடியில் ஜலகண்டேசுவரர் கோயில் நந்தியும், கிறிஸ்தவ ஆலயத்தின் கோபுரமும் வெளியே தெரிவதைத் தாங்கள் அறிவீர்கள். அந்த நாள்களில் சேலம், ஈரோடு, தருமபுரியிலிருந்தெல்லாம் ஆள்கள் வந்து நந்தியின் முன் நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டு போகிறார்கள். கூட்டம் வருவது பற்றி எங்களில் சிலருக்கு எரிச்சல் உண்டு. ஆனாலும் அந்தப் படங்களை வேறு கண்ணோடு பார்க்கலாம் என்று எங்கள் பிள்ளைகள் எடுத்துக் காட்டினார்கள். இடம் அறியும் வசதி இயக்கத்தில் இருந்தால், செல்போனில் எடுத்த ஒவ்வொரு படத்துக்குள்ளும் எடுத்த நாள், நேரத்தோடு இடத்தின் ஜி.பி.எஸ். குறிப்பும் பதிவாகிறது. மறுபக்கம், அணையின் நீர்மட்டத்தை நீர்வளத்துறை தினமும் காலையில் குறித்து வெளியிடுகிறது. இரண்டையும் பொருத்தினால் நந்தியின் தலை எந்த அடியில் தெரியத் தொடங்குகிறது, பீடம் எந்த அடியில், கோபுரத்தின் அடித்தளம் எந்த அடியில், பழைய பாதையின் கல்வரிசை எந்த அடியில் என்று மூழ்கிய ஊரின் மேடு பள்ளத்தையே வரைந்துவிட முடியும். சுற்றிலும் நின்று எடுத்த நூற்றுக்கணக்கான படங்களைச் சேர்த்து முப்பரிமாண உருவமாக்கும் மென்பொருள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. ஒவ்வொரு முறையும் அப்படிச் செய்தால், போன முறைக்கும் இந்த முறைக்கும் இடையில் சுவரில் எங்கே விரிசல் கூடியிருக்கிறது என்பதும் தெரியும். படத்தை வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் இடக்குறிப்பு உதிர்ந்துவிடும். டாக்குமென்ட்டாக அனுப்பினால்தான் தங்கும். இவ்வளவு சின்ன விஷயத்தை விளக்கும் ஒரு பலகையும், படங்களைப் பதிவேற்ற ஒரு க்யூ.ஆர். குறியீடும் பரிசல் ஏறும் துறையில் இருந்தால், இன்று கலைந்துபோகும் கூட்டமே நாளை நில அளவைக்காரர்களாகிவிடும். பலகை வைக்கவும், அணையின் பழைய தினசரி நீர்மட்டப் பதிவேடுகளை எங்களுக்குத் தரவும் ஆணையிட வேண்டுகிறோம்.

அடுத்து, வீடுகளில் இருப்பவை. பெட்டியின் அடியில் மடித்து வைத்த பழைய பத்திரம், கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டுவிட்ட கறுப்பு வெள்ளைப் படம், பூஞ்சை பிடித்த கல்யாண வீடியோ கேசட், பழைய ரேஷன் அட்டை, ஆலைக்குப் போனவர்களின் சம்பளச் சீட்டு. இவற்றில் நாங்கள் மிகவும் மதிப்பது மொய் நோட்டை. எங்கள் பக்கத்தில் கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் வந்த மொய்யை ஊர்ப்பெயர், ஆள்பெயர், தொகை என்று வரிவரியாக எழுதுவது வழக்கம். அணை வந்த பிறகு நடந்த கல்யாணங்களின் நோட்டைப் புரட்டினால், பழைய ஊர்ப்பெயரோடு இருந்த குடும்பம் பத்தாண்டு கழித்து வேறோர் ஊர்ப்பெயரோடு நிற்கிறது. நாலணா எழுதியவர் எட்டணா எழுதுகிறார். சிலர் அப்புறம் எந்த நோட்டிலும் வருவதில்லை. யார் எங்கே சிதறினார்கள் என்று எந்த அரசுப் பதிவேட்டிலும் கிடைக்காத கணக்கு இது. திருப்பிச் செய்ய வேண்டிய மொய் தீர்ந்ததும் நோட்டைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடுகிறார்கள். ஆகவே இதில் தாமதம் கூடாது.

இந்த வேலைக்கு ஊர் ஊராக முகாம் நடத்த விரும்புகிறோம். நோட்டையோ படத்தையோ யாரும் எங்களிடம் விட்டுவிட்டுப் போக வேண்டியதில்லை. கொண்டுவந்தவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்க, ஸ்கேன் செய்து, படத்தில் இருப்பவர்கள் யார் யார் என்று அவர் சொல்வதையும் ஒலிப்பதிவு செய்து, அசலை அங்கேயே கையில் கொடுத்துவிடுவோம். ஒரு படத்தில் ஐந்து பேர் நின்றால், பெயர் தெரியாத படம் வெறும் காகிதம்தான். அதனால் ஸ்கேனரைவிட அந்தப் பேச்சுக்குத்தான் அதிக நேரம் வேண்டும்.

ஒலிப்பதிவை எழுத்தாக்கும் மென்பொருள்கள் தமிழுக்கும் வந்துவிட்டன. ஆனால் செய்தி வாசிப்பவர் பேசுவது அவற்றுக்குப் புரிகிற அளவுக்கு எங்கள் அப்பத்தா பேசுவது புரிவதில்லை. இயந்திரம் எழுதித் தந்ததை வரிக்கு வரி கேட்டுத் திருத்த, இந்த வட்டாரப் பேச்சு காதில் ஊறிய மாணவர்கள்தான் தேவை. மேட்டூர் பகுதிக் கல்லூரிகளின் நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்களை இப்பணியில் ஈடுபடுத்தத் தாங்கள் சொன்னால் நடக்கும். நாங்கள் போய்க் கேட்டால் அனுமதிக் கடிதம் எங்கே என்று கேட்கிறார்கள், கேட்பது நியாயம்தான்.

மூழ்கிய ஊர் மட்டுமல்ல, இப்போது நீர்த்தேக்கத்தை நம்பி நடக்கும் வாழ்க்கையும் கண்முன்னே மாறிக்கொண்டிருக்கிறது. தோல் போர்த்திய பரிசல் போய், தார் பூசிய பரிசல் வந்து, இப்போது ஃபைபர் பரிசலும் வந்துவிட்டது. மூங்கில் பிளந்து பரிசல் முடையத் தெரிந்தவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். ஜிலேபி மீனுக்கு எந்த வலைக்கண், கட்லாவுக்கு எந்த வலைக்கண், காற்று எந்தப் பக்கம் திரும்பினால் இறங்கக் கூடாது என்பதை மீனவர்கள் சொல்லச் சொல்லப் பதிய வேண்டும். தண்ணீர் வடிந்த வண்டலில் சோளம், கம்பு, எள், நிலக்கடலை போட்டு, தண்ணீர் திரும்பி ஏறுவதற்குள் அறுத்துக்கொள்ளும் விவசாயத்தையும் அப்படியே.

இனி, தங்கள் கையெழுத்து இல்லாமல் நகராத காரியங்கள். அன்றைக்குக் காவிரியின் மேற்குக் கரை கோயம்புத்தூர் மாவட்டத்தைச் சேர்ந்தது. கிழக்கே சேலம் மாவட்டம். அதில் ஒரு பகுதி 1965-இல் தருமபுரி மாவட்டமாகப் பிரிந்தது. ஆகவே எங்கள் ஊர்களின் கிராம வரைபடமும் நில எடுப்பு ஆவணங்களும் எந்த மாவட்டத்து அறையில், எந்தக் காகிதக் கட்டுக்குள் கிடக்கின்றன என்று தேடுவதே பெரும்பாடு. நிலம் எடுக்கும்போது கிணற்றையும் மரத்தையும்கூட எண்ணி எழுதுவது வருவாய்த்துறை வழக்கம் என்பது தங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. யார் வீட்டுக் கொல்லையில் எத்தனை தென்னை, எத்தனை புளி என்று அந்தக் கட்டுகளில் இருக்கக்கூடும். சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக்காப்பகம், மத்திய நில அளவை அலுவலகம், ஈரோடு, கோயம்புத்தூர், தருமபுரி மாவட்ட ஆட்சியர் அலுவலகங்கள் ஆகியவற்றுக்குத் தாங்கள் கடிதம் எழுதி, இவற்றின் நகல்களைப் பெற்றுத் தர வேண்டுகிறோம். பழைய கிராம வரைபடம் ஒன்று கிடைத்தாலே போதும். அதை இன்றைய செயற்கைக்கோள் படத்தின்மேல் பொருத்தி, ஒவ்வொரு சர்வே எண்ணும் தண்ணீருக்குள் எங்கே இருக்கிறது என்று குறித்துவிட எங்கள் பகுதி இளைஞர்களால் முடியும்.

வண்டல் மண் விஷயமும் இதோடு சேர்ந்தது. 2017-இல், அணை கட்டி 83 ஆண்டுகள் கழித்து, மூலக்காடு பகுதியில் முதன்முறையாகத் தூர்வாரும் பணி தொடங்கியது. தூர்வார வேண்டும் என்பதில் எங்களுக்கு மாற்றுக் கருத்தே இல்லை. எங்கள் வயலுக்கும் அந்த மண் வேண்டும். ஆனால் பொக்லைன் இறங்கிய இடத்தில் பழைய சுவரடி இருந்ததா, கிணறு இருந்ததா என்று யாருக்கும் பிறகு தெரியாது. இனி மண் எடுக்க அனுமதி தரும்போது, தோண்டுவதற்கு முன் அந்த இடத்தை நாங்கள் படமெடுத்துக் குறித்துக்கொள்ள இரண்டு நாள் அவகாசம் தரவேண்டும் என்ற நிபந்தனையையும், சிலையோ கல்வெட்டோ தட்டுப்பட்டால் வேலையை நிறுத்தி வட்டாட்சியருக்குத் தகவல் சொல்லவேண்டும் என்ற நிபந்தனையையும் உத்தரவிலேயே சேர்க்க வேண்டுகிறோம்.

சேர்ப்பதை எங்கே வைப்பது? ஒருவர் வீட்டு ஹார்ட் டிஸ்க்கில் வைத்தால் அவரோடு போய்விடும். மேட்டூர் கிளை நூலகத்தில் ஓர் அறை, ஒரு தட்டை ஸ்கேனர், ஒரு கணினி, இரண்டு வெளி ஹார்ட் டிஸ்க் இருந்தால் தொடங்கிவிடலாம். ஒரு பிரதி நூலகத்திலும், ஒரு பிரதி தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்திலும் இருக்க ஏற்பாடு வேண்டும். இது நடக்கிற காரியமா என்ற ஐயம் எழலாம். இலங்கைத் தமிழர்கள் 2005-இல் தன்னார்வலர்களாகத் தொடங்கிய ‘நூலகம்’ என்ற திட்டம், நூல்களோடு நிற்காமல் நினைவு மலர், துண்டுப்பிரசுரம், வாய்மொழி வரலாறு வரை சேர்த்து, இன்று யாரும் பார்க்கும்படி இணையத்தில் வைத்திருக்கிறது. போரில் சிதறிய மக்களால் அது முடிந்ததென்றால், ஓர் அரசு நூலகத்தின் கூரையின்கீழ் எங்களால் ஏன் முடியாது? இயந்திரச் செலவைத் தங்கள் விருப்புரிமை நிதியிலிருந்து வழங்கினால் ஆள்பலம் எங்களுடையது.

எல்லாவற்றையும் இணையத்தில் கொட்டிவிடும் எண்ணம் எங்களுக்கு இல்லை. மொய்த் தொகை, சொத்துச் சண்டை, எந்தத் தெருவுக்குள் யாரை விடவில்லை என்ற கசப்பு எல்லாம் இந்தப் பேச்சுகளில் வரும், வரவும் வேண்டும். பேசியவர் சம்மதித்தால் மட்டும் வெளியீடு, வேண்டாம் என்றால் அவர் சொல்லும் காலம்வரை பூட்டி வைப்பு, பின்னால் மனம் மாறினால் எடுத்துவிட உரிமை என்று 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை மனத்தில் கொண்டு எளிய தமிழில் ஒரு சம்மதப் படிவம் தயாரித்திருக்கிறோம். தங்கள் அலுவலகச் சட்டப் பிரிவு பார்த்துத் திருத்தித் தந்தால் நல்லது. சேர்ந்தவை என்னென்ன என்று கிராம சபைக் கூட்டங்களில் வாசித்துக் காட்டவும் அனுமதி வேண்டும். தவறாக எழுதியிருந்தால் அங்கேயே யாராவது எழுந்து சொல்லிவிடுவார்கள்; அதைவிடக் கறாரான சரிபார்ப்பு வேறில்லை.

2034-இல் அணைக்கு நூறு வயது. அரசு விழா எடுக்கும், டெல்டாவிலிருந்து மாலையோடு வருவார்கள். அதற்கு முன் நீர்மட்டம் எத்தனை முறை இறங்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. எனவே அடுத்த முறை நந்தி தெரிவதற்குள் நூலக அறையும், நீர்மட்டப் பதிவேடுகளும், மற்ற மாவட்டங்களுக்கான கடிதமும் கிடைக்கும்படி மேட்டூர் வட்டாட்சியர், நீர்வளத்துறை, மாவட்ட நூலக அலுவலர் ஆகியோருக்கு உத்தரவிடுமாறும், அதற்கு முன் எங்களில் நான்கு பேரை நேரில் அழைத்துக் கேட்குமாறும் பணிவன்புடன் வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மேற்கண்ட ஊர்களின் பொதுமக்கள்

இணைப்பு:
சம்மதப் படிவத்தின் மாதிரி
முகாம் நடத்த உத்தேசித்துள்ள ஊர்களின் பட்டியல்
கையொப்பத் தாள்கள்