செயலாளர் அறிக்கை 2021–22: ஓய்வுபெற்ற செவிலியர் சங்கம்

அன்பான சிஸ்டர்களுக்கும் பிரதர்களுக்கும் வணக்கம்.

வழக்கமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். முழு ஊரடங்கு இருந்ததால் மே 12 செவிலியர் தின விழா நடக்கவில்லை. செயற்குழு நான்கு முறை கூடியது. பொங்கலை அலுவலக அறையிலேயே எளிமையாகக் கொண்டாடினோம். மறைந்த இரண்டு உறுப்பினர்களுக்கு அஞ்சலி செலுத்தினோம்.

இனி கர்ப்பிணி உதவித் திட்டம். இது செயலாளரின் சொந்த ஆசைக்காக நடக்கிறது என்று சிலர் பேசியதாகக் கேள்விப்பட்டேன், அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

கோவிட் இரண்டாம் அலையில் கர்ப்பிணிகள் பட்ட பாடு நமக்குத் தெரியும். ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) கணக்குப்படி முதல் அலையில் தொற்று வந்த கர்ப்பிணி, பிரசவித்த பெண்களில் 0.7 சதவீதம் பேர் இறந்தார்கள், இரண்டாம் அலையில் அது 5.7 சதவீதம். அப்போது தடுப்பூசியும் அவர்களுக்கு இல்லை, 2021 ஜூலை 2 அன்றுதான் மத்திய அரசு அனுமதி கொடுத்தது. அந்த மே, ஜூன் மாதங்களில்தான் நாங்கள் ஐந்து பேர் முறை போட்டு போன் எடுத்தோம், விரலில் மாட்டி ரத்தத்தில் ஆக்ஸிஜன் எத்தனை சதவீதம் என்று பார்க்கும் ஆக்ஸிமீட்டர்களை வீடு வீடாக இரவல் கொடுத்தோம்.

ஒரு நாள் இரவு ஒன்பது மணி இருக்கும், எட்டு மாதக் கர்ப்பிணியின் கணவர் வீடியோ காலில் வந்தார். மூச்சு வாங்குகிறது என்றால், நிறைமாதம் நெருங்கினால் அப்படித்தான் இருக்கும் என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்லிவிட்டார்களாம். வளைகாப்புக்குப் போட்ட நகப்பூச்சு அப்படியே இருந்தது, ஆக்ஸிமீட்டரில் எண் நிற்கவில்லை. சுரண்டி எடுக்கச் சொல்லி மறுபடி வைத்தால் 92. கர்ப்பிணிக்கு 95-க்குக் கீழே இறங்கினாலே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், வயிற்றுப் பிள்ளைக்கும் சேர்த்துத்தானே அவள் மூச்சு விடுகிறாள்! இதற்கிடையில் மாமனாருக்குக் கோவிடுக்காக எழுதிக் கொடுத்த ஃபாவிபிராவிர் மாத்திரையை இவளுக்கும் கொடுக்க எடுத்து வைத்திருந்தார்கள். கருவைப் பாதிக்கும், கர்ப்பிணிக்குக் கூடவே கூடாத மருந்து அது. இடது பக்கம் சாய்ந்து படுக்கச் சொல்லி, 108-ஐ வரவழைத்து அனுப்பினோம். தாயும் பிள்ளையும் நலம்.

அதற்குப் பிறகுதான் மற்ற நாடுகளில் கோவிட் வந்த கர்ப்பிணிகளுக்கு என்ன சிகிச்சை கொடுத்தார்கள் என்று படிக்க மாதாந்திரக் கூட்டம் ஆரம்பித்தேன். பிரிட்டனில் ஆக்ஸிஜன் தேவைப்பட்ட கர்ப்பிணிக்கும் தயங்காமல் ஸ்டீராய்டு கொடுக்கச் சொன்னார்கள். டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு நஞ்சுக்கொடியைத் தாண்டிப் பிள்ளைக்குப் போகும் என்பதால் அதற்குப் பதிலாக பிரெட்னிசோலோன் 40 மில்லிகிராம், ரத்தம் உறையாமலிருக்க ஹெப்பாரின் ஊசி. ஆனால் அதே நாட்டில் 2021 ஜூலை முதல் செப்டம்பர் வரை மிக மோசமான நிலைக்குப் போன கோவிட் நோயாளிகளில் கிட்டத்தட்ட ஐந்தில் ஒருவர் தடுப்பூசி போடாத கர்ப்பிணி. பிரேசிலில் மருந்து எது என்பதற்கு முன்பே படுக்கை கிடைக்கவில்லை. 2020 ஜூன் வரை அங்கே இறந்த 124 கர்ப்பிணி, பிரசவித்த பெண்களில் ஐந்தில் ஒருவருக்கு மேல் ஐ.சி.யூ.வையே பார்க்கவில்லை. அமெரிக்காவில் ஆரம்பத்தில் தொற்று வந்த தாயையும் பிறந்த குழந்தையையும் பிரித்து வைக்கச் சொன்னார்கள், 2020 ஜூலையில் குழந்தை மருத்துவர்கள் அதை மாற்றிக்கொண்டார்கள். முகக்கவசம் போட்டுத் தாய்ப்பால் கொடுக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் ஆரம்பம் முதலே சொன்னது.

இதில் என் மனதில் நின்றது ஒன்றுதான். எல்லா ஊரிலும் "வயிற்றில் பிள்ளை இருக்கிறதே" என்ற பயத்தில் எக்ஸ்ரேயைத் தள்ளிப் போட்டிருக்கிறார்கள், ஸ்டீராய்டைத் தள்ளிப் போட்டிருக்கிறார்கள், தடுப்பூசியையும் தள்ளிப் போட்டிருக்கிறார்கள். பிரசவ வார்டில் முப்பது வருஷம் நின்ற நாம் இதை எடுத்துச் சொல்லாவிட்டால் வேறு யார் சொல்வது?

இவ்வளவு முக்கியமான கூட்டத்துக்கு வந்தவர்கள் அதிகபட்சம் ஏழு பேர். மூன்று முறை நானும் பொருளாளரும் மட்டும் உட்கார்ந்திருந்தோம். மகன் வீடு, மகள் பிரசவம், முழங்கால் வலி, எல்லாம் புரிகிறது, எனக்கும் அதே முழங்கால்தான். வர முடியாது என்று ஒரு வார்த்தை போனில் சொல்லியிருக்கலாம்.

சந்தா பற்றியும் சொல்ல வேண்டும். பாதிப் பேர் இந்த ஆண்டு கட்டவில்லை, சிலர் இரண்டாம் ஆண்டாக. வரவு செலவு ஏறக்குறைய சரிக்குச் சரி. ஆக்ஸிமீட்டர் வாங்கியதில் கொஞ்சம் கூடுதல் செலவாகி, நன்கொடையில் ஈடுகட்டினோம். கணக்கு நோட்டு பொருளாளரிடம் இருக்கிறது, யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்.

தலைவர், செயற்குழு, அறை கொடுத்தவர், கிராம சுகாதார செவிலியர்கள் எல்லோருக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு தடுப்பூசி போடாத கர்ப்பிணிகளின் வீடுகளுக்கு நேரில் போய்ப் பேச நினைக்கிறேன். தனியாக என்னால் முடியாது, புதன்கிழமை காலை இரண்டு மணி நேரம் கூட வர நான்கு பேர் வேண்டும். புதிய செயலாளர் வந்தாலும் சம்மதமே, இந்த வேலை மட்டும் நிற்கக் கூடாது. இரவல் போன ஆக்ஸிமீட்டர்களில் ஐந்து இன்னும் திரும்பவில்லை, தெரிந்த வீடாக இருந்தால் வாங்கி வந்து கொடுங்கள். வரும்போது சந்தாவையும் கையோடு கொண்டுவந்தால் ரசீது புத்தகம் மேசையிலேயே இருக்கும்.